கணுக்கால் அளவுத் தண்ணீர்



மதீனாவின் ஹர்ரா என்னும் கருங்கல் நிலத்தில் மழை பெய்தால், நீர் சிற்றோடைகளாக இறங்கிப் பேரீச்சந் தோட்டங்களில் பாயும். அத்தகைய ஓடையொன்றின் நீர் குறித்து ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வழக்கு ஏற்பட்டது. ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் மேலே. அன்ஸாரியின் தோட்டம் கீழே. நபி (ஸல்) அவர்கள் இருவருக்கும் இணக்கமான வழியைச் சொன்னார்கள்: ஸுபைர் தம் மரங்களுக்குப் பாய்ச்சிவிட்டு, அண்டைத் தோட்டத்தாருக்கு நீரை அனுப்பிவிட வேண்டும். அன்ஸாரியோ பொறுமையிழந்து, இவர் உங்கள் அத்தை மகன் என்பதாலா என்று கேட்டுவிட்டார். அண்ணலாரின் முகம் மாறியது. அதன் பின்னரே ஸுபைருக்குரிய முழு உரிமையையும் தீர்ப்பாக வழங்கினார்கள்: வரப்பை எட்டும்வரை நீரைத் தேக்கிக்கொண்டு, பிறகு திறந்துவிட வேண்டும் (புகாரி). அந்த அளவு கணுக்கால்வரை என மக்கள் கணக்கிட்டுக் கொண்டார்கள்.

இத்தீர்ப்பில் ஆழ்ந்து கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மேலிருப்பவருக்கு முதலுரிமை இருக்கிறது. ஆனால் சலுகை எதுவும் விட்டுக்கொடுக்காத அந்த முழு உரிமைக்கும்கூடக் கணுக்கால்தான் எல்லை. அதற்கு மேல் நிற்கும் நீர் கீழே இருப்பவருடையது.

இதே கணக்கு நம் வைகையிலும் இருக்கிறது. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, மழையை நம்பிய ஆறு. பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்டு 1895-இல் நிறைவடைந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே அரபிக்கடலுக்குச் சென்ற நீரை மலைச் சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை, அந்நீரையும் வைகையின் சொந்த நீரையும் 71 அடி வரை தேக்குகிறது. அங்கிருந்து பேரணைக்கு வரும் நீரில் ஒரு பகுதி பெரியாறு பிரதானக் கால்வாயில் மேலூர்ப் பக்கம் செல்கிறது. ஆற்றில் விடப்படுவது மதுரையைக் கடந்து, விரகனூர், பார்த்திபனூர் மதகணைகள் வழியாக இராமநாதபுரம் பெரிய கண்மாயை நோக்கிப் போகிறது. பூர்வீகப் பாசனத்திற்கு வைகையின் சொந்த நீரைப் பன்னிரண்டு பங்காக்கி, இராமநாதபுரத்திற்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என வகுத்திருக்கிறார்கள். கடைமடைக்கே பெரும்பங்கு! பரமக்குடியிலும் இராமநாதபுரத்திலும் பெண் கொடுத்து, பெண் எடுத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு அந்த 7 பங்கு அந்நியருடையதன்று.

காளவாசல் பகுதியில் வாழும் நாம் இந்த ஓட்டத்தில் ஸுபைர் (ரலி) அவர்களின் இடத்தில், மேலே இருக்கிறோம். அருகிலுள்ள மாடக்குளம் கண்மாயையே பாருங்கள். கண்மாய் என்பது வெறும் பள்ளமன்று. வரத்துக்கால் நீரைக் கொண்டுவரும்; கரை தாங்கும்; மடை வயலுக்கு விடும்; நிறைந்தபின் மிகுதி கலுங்கின் வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். சங்கிலி போன்ற அமைப்பு இது. ஒரு வரத்துக்கால் தூர்ந்தால், அடுத்தடுத்த ஊர்களும் காயும். இதனால்தான் முன்னோர் குடிமராமத்து என்று ஊர்கூடித் தூர் வாரினார்கள். அவ்வழக்கம் நலிந்தபோது ஆங்கில அரசு 1858-இல் அதற்குச் சட்டமே இயற்றியது. சட்டம் போட்டுத்தான் மண்வெட்டியைக் கையில் எடுக்கவைக்க வேண்டியிருந்தது என்பது வருத்தத்திற்குரியது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் பணிகளை மீண்டும் தொடங்கியது.

கிருதுமால் நதியின் நிலை இன்னும் வேதனையானது. நாகமலைப் பக்கம் தொடங்கி நகருக்குள் புகுந்து செல்லும் அது, இங்கே சாக்கடையாகிவிட்டது. அதே கிருதுமாலை நம்பி நரிக்குடி வட்டாரத்தில் கண்மாய்களும் வயல்களும் உள்ளன. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் (முஸ்லிம்). ஒரு தெருவின் கழிவுநீர்க் குழாயை ஆற்றில் திருப்பிவிடுவது இதில் எந்த வகையைச் சேரும்?

வீட்டுமனை வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அநியாயமாக ஒரு சாண் நிலத்தை எடுத்தவருக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்பது நபிமொழி எச்சரிக்கை (புகாரி, முஸ்லிம்). ஓடையின் ஓரத்தில் நகர்த்திக் கட்டிய சுவரும் அந்தச் சாணில் அடங்கும். அது பள்ளிவாசலின் சுற்றுச்சுவராக இருந்தாலும் சரியே. முன்பணம் கொடுக்குமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். ஓடை, வாய்க்கால், கண்மாய் என்று அதில் எழுதியிருந்தால், தரகர் எத்தனை பட்டா நகல் காட்டினாலும் அந்த மனை வேண்டாம். வாங்கிவிட்டவர்கள், வரைபடத்தில் உள்ள ஓடையின் அகலத்தை நிலஅளவையரைக் கொண்டு அளந்து, சுவரை உள்ளே தள்ளிக் கட்டிக்கொள்ளலாம். ஐப்பசி மழைக்கு முன் செய்துவிட்டால், அந்த ஆண்டு நீரே கீழூருக்குப் போய்ச் சேரும்.