பயம் முதல்லயா, படபடப்பு முதல்லயா?

(எங்கள் பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டிருக்கிறது.)



ஒருநாள் ராத்திரி முடிக்க வேண்டிய வேலை நிறைய இருந்தது. ஒன்பது மணிக்கு ஒரு ஸ்ட்ராங் காபி, பத்தரைக்கு இன்னொண்ணு. பதினோரு மணிக்கு மேனேஜர்கிட்ட இருந்து ஒரு மெசேஜ்: "நாளைக்குக் காலைல ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்." அவ்வளவுதான். எனக்கு நெஞ்சு திக்திக்னு அடிச்சுது. வேலை போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். விடிய விடியத் தூக்கமில்லை. காலைல போனா, பொங்கலுக்கு யாரெல்லாம் ஊருக்குப் போறீங்கன்னு லீவு கணக்கு கேட்கத்தான் கூப்பிட்டிருக்கார்.

அப்புறம்தான் இந்தக் கேள்வி வந்தது. மெசேஜைப் பார்த்துப் பயந்ததால நெஞ்சு அடிச்சுதா? இல்ல, காபியால ஏற்கெனவே படபடத்துக்கிட்டிருந்த நெஞ்சுதான் அந்த மெசேஜைப் பயங்கரமா காட்டுச்சா?

இது இன்னைக்கு வந்த கேள்வி இல்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884-லயே இதைக் கேட்டார். பயப்படுறோம், அதனால உடம்பு நடுங்குதுன்னு நாம நினைக்கிறோம். அவர் அதைத் தலைகீழாக்கினார். உடம்புல மாற்றம் முதல்ல வருது, அதை மூளை உணர்றதைத்தான் பயம்னு சொல்றோம்னார். கேட்க நல்லா இருக்கு. ஆனா எப்படி நிரூபிக்கிறது? இதயத்தை மட்டும் தனியா வேகப்படுத்திப் பார்த்தாத்தானே தெரியும்? மருந்து கொடுத்தா அது உடம்பு முழுக்கப் போகும்.

2023-ல அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல கார்ல் டெய்சரோத்தின் குழு அதைச் செஞ்சாங்க. எலிகளோட இதயத் தசை, ஒளி பட்டா துடிக்கிற மாதிரி மரபணு மாற்றம். எலிக்கு ஒளி விடுற ஒரு குட்டி ஜாக்கெட். எலியோட இதயம் சாதாரணமாவே நிமிஷத்துக்கு 600 தடவைக்கு மேல துடிக்கும். ஒளியை விட்டு விட்டுப் பாய்ச்சி அதை 900-க்குக் கொண்டு போனாங்க.

என்ன ஆச்சு? பாதுகாப்பான இடத்துல அந்த எலிகள் இதைப் பெருசா கண்டுக்கலை. ஆனா திறந்தவெளி மாதிரி ஆபத்துக்கு வாய்ப்புள்ள இடத்துல விட்டப்போ, மத்த எலிகளைவிட அதிகமா தயங்கி ஒதுங்கின. அடுத்ததா, உடம்புக்குள்ள இருந்து வர்ற செய்திகளைக் கவனிக்கிற இன்சுலாங்கிற மூளைப் பகுதியை அடக்கினாங்க. இதயம் அதே வேகத்துல ஓடுது, ஆனா அந்தப் பதற்றம் குறைஞ்சு போச்சு.

இதுல ரெண்டு விஷயம் இருக்கு. படபடப்பால பயத்தைக் கூட்ட முடியும். ஆனா படபடப்பு மட்டும் போதாது, சூழ்நிலையும் சேரணும். அன்னைக்கு எனக்கு மெசேஜ் வராம இருந்திருந்தா, "காபி ஓவர்"னு மட்டும் நினைச்சிருப்பேன்.

சரி, இது வேகத்தைப் பத்தின கதை. இன்னும் ஆச்சரியமானது ஒவ்வொரு துடிப்புக்குள்ளயும் நடக்கிறது.

இதயம் சுருங்கும்போது ரத்தம் பீறிட்டு வெளியே போகுது. அந்த அழுத்தத்துல பெருந்தமனியும், கழுத்து வழியா மூளைக்குப் போற தமனிகளும் லேசா விரியும். அந்தச் சுவர்கள்ல அழுத்தத்தை உணர்ற நரம்பு முனைகள் இருக்கு. அதெல்லாம் உடனே மூளைத்தண்டுக்கு "இப்போ ஒரு துடிப்பு, இவ்வளவு பலமா"ன்னு செய்தி அனுப்பும். இதயம் விரிஞ்சு ரத்தம் நிரம்புற நேரத்துல அந்தச் செய்தி கிட்டத்தட்ட அடங்கிடும். ஆக, ஒவ்வொரு நொடியும் நம்ம மூளை, செய்தி வர்ற நேரம், வராத நேரம்னு ரெண்டுக்கும் நடுவுல மாறி மாறி ஓடிக்கிட்டிருக்கு.

ஜெர்மனியில லைப்ஸிக் நகரத்து ஆய்வாளர்கள், விரல்ல ரொம்ப லேசான மின் தொடுகை கொடுத்துப் பார்த்தாங்க. இதயம் சுருங்குற நேரத்துல அதை மக்கள் அதிகமா தவற விட்டாங்க. அந்த நேரத்துல உடம்பு முழுக்க ஒரு அதிர்வு வரும்னு மூளைக்குத் தெரியும். அதை "நம்ம சத்தம்தான்"னு தள்ளி வைக்கிறப்போ, வெளியே இருந்து வந்த தொடுகையும் சேர்ந்து போயிடுதுங்கிறது அவங்க விளக்கம்.

ஆனா பயம் இதுக்கு விதிவிலக்கு. இங்கிலாந்துல சாரா கார்ஃபிங்கலும் ஹ்யூகோ கிரிட்ச்லியும் சேர்ந்து 2014-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பயந்த முகங்களோட படங்களைத் துடிப்புக்கு ஏத்த நேரத்துல காட்டினாங்க. அதே முகம், சுருங்குற நேரத்துல காட்டினா இன்னும் எளிதா கண்ணுல பட்டுது, இன்னும் தீவிரமாவும் தெரிஞ்சுது.

"சரி, அரை நொடி வித்தியாசம்தானே, அதனால என்ன?"ன்னு நீங்க கேட்கலாம். அரை நொடியில முடிவெடுக்க வேண்டிய ஒரு இடத்துக்குப் போவோம்.

அமெரிக்காவுல, கையில ஆயுதமே இல்லாத கறுப்பின மக்களைப் போலீஸ் சுட்டுக் கொன்ன செய்திகளை நாம பார்த்திருக்கோம். கையில இருந்தது போனா இருக்கும், பர்ஸா இருக்கும். 2017-ல லண்டன் ராயல் ஹாலோவேயைச் சேர்ந்த ரூபன் அசெவெடோ, மானோஸ் சகிரிஸ் ஆகியோரின் குழு இதை ஆய்வுக்கூடத்துல சோதிச்சுது. முதல்ல ஒரு முகம், கறுப்பினத்தவர் அல்லது வெள்ளையர். அடுத்து ஒரு பொருள், துப்பாக்கி அல்லது ஏதாவது ஒரு கருவி. எதுன்னு சட்டுனு சொல்லணும். கறுப்பின முகத்துக்கு அப்புறம் சாதாரணக் கருவியைத் துப்பாக்கின்னு சொல்ற தப்பு, இதயம் சுருங்குற நேரத்துல அதிகமாச்சு. சுடணுமா வேண்டாமான்னு முடிவெடுக்கிற கணினிச் சோதனையிலும் இதே போக்குதான்.

இதைத் தப்பா புரிஞ்சுக்கக் கூடாது. "என் இதயம்தான் அப்படிப் பண்ணுச்சு"ன்னு யாரும் தப்பிக்க முடியாது. இதயத்துக்கு இனமும் தெரியாது, நிறமும் தெரியாது. தலைக்குள்ள ஏற்கெனவே ஒரு தப்பெண்ணம் உட்கார்ந்திருக்கு. துடிப்பு அதோட வால்யூமைக் கொஞ்சம் கூட்டுது, அவ்வளவுதான். ஓடி, கத்தி, இதயம் எகிறிக்கிட்டிருக்கிற ஒரு போலீஸ்காரருக்கு அந்தச் சுருங்குற நேரங்கள் எவ்வளவு அடிக்கடி வரும், எவ்வளவு பலமா வரும்னு யோசிச்சுப் பாருங்க. ஆய்வுக்கூடத்துல இது சின்ன வித்தியாசம்தான். தெருவுல அது ஒரு உயிரா இருக்கலாம்.

அப்போ நாம என்ன செய்யலாம்? துடிப்பை நிறுத்த முடியாது. ஆனா அதைச் சரியா படிக்கப் பழகலாம். 2021-ல இங்கிலாந்துல ஆட்டிசம் உள்ள 121 பெரியவர்களை வெச்சு ஒரு சோதனை. பாதிப் பேருக்குத் தங்களோட இதயத் துடிப்பைத் துல்லியமா கவனிக்கப் பயிற்சி. மத்தவங்களுக்கு வேற ஒரு பயிற்சி. மூணு மாசம் கழிச்சு, முதல் குழுவுல 31 சதவீதம் பேர் பதற்றக் கோளாறுல இருந்து மீண்டிருந்தாங்க. இன்னொரு குழுவுல அது 16 சதவீதம். எல்லாரையும் குணமாக்கிடலை. ஆனா "இது வெறும் துடிப்பு"ன்னு அடையாளம் காணத் தெரிஞ்சா, சிலருக்காவது பிடி தளருது.

ஒரு விஷயம் மறந்துடாதீங்க. நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் இருந்தா துடிப்பை எண்ணிக்கிட்டு உட்காராதீங்க, உடனே டாக்டர்கிட்ட போங்க.

மத்தபடி, ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு மெசேஜ் உங்களைக் கலக்கினா, பதில் அனுப்புறதுக்கு முன்னாடி, மாடிப்படி ஏறினோமா, காபி குடிச்சோமா, காலையில இருந்து சாப்பிடாம இருக்கோமான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நான் இப்போல்லாம் கேட்கிறேன். ராத்திரி ரெண்டாவது காபியையும் விட்டுட்டேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.