கோதுமையும் சிலருக்கு ஆகாது

‘உணவே மருந்து’ என்று நம் பெரியோர் கூறுவர். திருவள்ளுவரும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருந்தைப் பற்றிக் கூறியதைவிட உண்ணும் முறையைப் பற்றிக் கூறியதே அதிகம். ஆனால், ஊரார் அனைவருக்கும் வலுவூட்டும் ஓர் உணவு, நம் அருகில் அமர்ந்து உண்ணும் ஒருத்திக்கு மட்டும் நஞ்சாக முடியுமா? முடியும் என்பதை எங்கள் விடுதியில் கண்ணாரக் கண்ட பின்னரே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவளே இதனைப் படித்துப் பார்த்து, “பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள்” என்று சொல்லி அனுமதி தந்தாள்.

அவள் பதினோராம் வகுப்பில் வந்து சேர்ந்தவள். வீட்டில் மூன்று வேளையும் அரிசிதான். விடுதியிலோ வாரம் இருமுறை ரவை உப்புமா, ஞாயிறன்று பூரி, இரவில் பெரும்பாலும் சப்பாத்தி. சேர்ந்த சில மாதங்களில் வயிற்று உப்புசமும், வயிற்றுப்போக்கும், வாய்ப்புண்ணும் அவளுக்கு மாறி மாறி வந்தன. முகம் வெளுத்தது. இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் ஹீமோகுளோபின் 8க்கு மேல் ஏறவில்லை. இரண்டாம் மாடிக்கு ஏறுமுன் இரண்டு இடத்தில் உட்காருவாள். சோம்பேறி என்றோம். சப்பாத்தியை ஒதுக்கி வைத்தால், வீட்டில் செல்லம் அதிகம் போலும் என்று சிரித்தோம். இவற்றையெல்லாம் சொன்னவர்கள் நாங்களேதாம். ஆகவே மறைக்காமல் எழுதுகிறோம்.

கோதுமை உண்ட நாட்களில்தான் தொல்லை மிகுகிறது என்பதை அவளே கவனித்தாள். அரையாண்டுத் தேர்வு விடுமுறையிலிருந்து அதனை அறவே நிறுத்திவிட்டு, இரவில் தயிர்ச்சோறு மட்டும் உண்டாள். உடம்பு சிறிது தேறியது. மே மாதம் அவளுடைய பெற்றோர் அவளை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்தார்கள். முடிவு என்ன தெரியுமா? ‘நோய் இல்லை!’ எல்லாம் மனப்பிரமை என்று உறவினர் முடிவு கட்டினர். அந்தப் பரிசோதனையும் பொய் சொல்லவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விந்தை. அது எப்படி என்று விளங்க வேண்டுமானால் முதலில் கோதுமையைச் சற்று அறிய வேண்டும்.

கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி, குழாய் நீரில் கழுவிக்கொண்டே இருந்தால் வெண்மையான மாவுச்சத்து கரைந்தோடிவிடும். முடிவில் இரப்பரைப் போல் இழுபடும் ஒரு பிசின் கையில் நிற்கும். இதனை எங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தோம். இதுவே குளூட்டன் என்னும் புரதம். பரோட்டா மாவை வீசி விரிக்க முடிவதும், ரொட்டி உப்பி எழுவதும் இதனால்தான். பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் இதற்கு நெருங்கிய புரதங்கள் உள்ளன. நம் அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை ஆகியவற்றில் இத்தீங்கு இல்லை.

கோதுமையால் வரும் தொல்லைகள் ஒன்றல்ல, மூன்று. ‘அலர்ஜி’ என்ற ஒரே சொல்லால் மூன்றையும் நாம் குறிப்பிடுவதால்தான் பாதிக் குழப்பமும் விளைகிறது. முதலாவது சீலியாக் நோய். இதில் குளூட்டனைக் கண்டு உடலின் பாதுகாப்புப் படை தவறாகக் கிளர்ந்தெழுந்து, தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள் போன்ற குடலுறிஞ்சிகள் உண்டென்று பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? அவை தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. உண்ட உணவிலுள்ள சத்து உடலில் சேர்வதில்லை. இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முற்பகுதியில். முதலில் சிதைவதும் அப்பகுதியே. எத்தனை மாத்திரை விழுங்கியும் எங்கள் தோழியின் இரத்தம் ஏன் ஊறவில்லை என்பது இப்போது விளங்கும். இரண்டாவது உண்மையான கோதுமை ஒவ்வாமை. உண்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்திற்குள் தோல் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் என்று வரக்கூடியது. உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. மூன்றாவது, இவ்விரண்டும் இல்லாமலே கோதுமையால் வயிறு கெடுகின்ற குளூட்டன் ஒவ்வாத்தன்மை.

சீலியாக் நோயின் வரலாறு சுவையானது. 1888ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ என்பவர் இந்நோயைத் தெளிவாக விவரித்து, இது தீருமானால் உணவு முறையால்தான் தீரும் என்று எழுதினார். எவ்வளவு சரியான கணிப்பு! ஆனால் அவர் வேண்டாம் என்று விலக்கியது அரிசியையும் ஜவ்வரிசியையும். உண்ணலாம் என்று அனுமதித்தது நன்றாக வாட்டிய ரொட்டியை! 1924இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவைக் கொடுத்தார், அவர்கள் தேறினர். ரொட்டியை நிறுத்தியதால் வந்த குணத்திற்கு வாழைப்பழம் பெயர் வாங்கிக்கொண்டது.

உண்மையைக் கண்டவர் நெதர்லாந்து நாட்டின் வில்லம் டிக்கே என்னும் குழந்தை மருத்துவர். 1930களிலேயே கோதுமையில்லா உணவை அவர் தம் சிறு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார். 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஜெர்மானியர் பிடியிலிருந்த அந்நாட்டின் மேற்குப் பகுதியில் கொடிய பஞ்சம் வந்தது. ரொட்டி இல்லை, மக்கள் துலிப் மலரின் கிழங்கையும் வேகவைத்து உண்டனர். அந்தக் கொடுமையிலும் சீலியாக் குழந்தைகள் மோசமாகவில்லை. பின்னர் ரொட்டி வந்தது. அவர்களின் நோயும் திரும்பி வந்தது. பஞ்சம்தான் இதைக் கண்டுபிடித்தது என்று சிலர் கதை போல் கூறுவதுண்டு. அது டிக்கேக்குச் செய்யும் அநீதி. முன்னரே ஐயுற்றுச் சோதித்து வந்தவர் கண்ணுக்குத்தான் பஞ்சமும் பாடம் சொல்லிற்று. 1950இல் தம் ஆராய்ச்சியை உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார்.

இது வெள்ளைக்காரர் நோய் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, நாட்டின் மூன்று பகுதிகளில் 23,000க்கு மேற்பட்டோரை எடுத்துக்கொண்டது. வட பகுதியில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலும், தென் பகுதியில் ஆயிரத்தில் ஒருவருக்கும் சீலியாக் நோய்க்குரிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தது. நோய்க்கு இடந்தரும் மரபுக்கூறோ வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ ஒரே அளவில், மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் காணப்பட்டது. வேறுபட்டது தட்டுதான்: வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரி 455 கிராம்; தெற்கே 25 கிராம். இன்று நம் ஊர்களிலும் இரவுச் சாப்பாடு சப்பாத்தி, பரோட்டா என்று மாறிவருவதை நினைத்தால் இக்கணக்கைச் சும்மா விட முடியவில்லை.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். சீலியாக் நோய்க்கு முதலில் இரத்தத்தில் ஓர் எதிர்ப்பொருளைத் தேடுவார்கள். டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டாமினேஸ் என்னும் நம் உடலின் நொதிக்கு எதிராகவே எழும் எதிர்ப்பொருள் அது. அந்நொதிதான் இலக்கு என்று 1997இல் ஜெர்மனியில் கண்டறிந்தனர். ஐயம் வலுத்தால் எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலின் முற்பகுதியிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கவனியுங்கள், தோழியரே! கோதுமையை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் மெல்லக் குறைந்து மறையும். குடலும் ஆறத் தொடங்கும். ஐந்து மாதம் கோதுமையைத் தொடாமல் சென்றவளின் இரத்தத்தில் என்ன இருக்கும்? திருடன் போன பிறகு வீட்டைச் சோதித்த கதைதான். வேறொரு மருத்துவர் இதனை விளக்கி, தம் மேற்பார்வையில் ஆறு வாரம் மீண்டும் தினந்தோறும் கோதுமை உண்ணச் சொன்னார். தெரிந்தே நோயை வரவழைத்துக்கொண்ட அந்த ஆறு வாரங்களை அவள் எப்படிக் கழித்தாள் என்பதை அவளுடைய கட்டிலுக்கு அருகில் படுத்திருந்தவர்கள் அறிவோம். பிறகு எடுத்த பரிசோதனைகள் சந்தேகத்திற்கு இடம் வைக்கவில்லை. மருத்துவரைக் காணும் முன்பே உணவை நிறுத்தாதிருந்தால் இத்துன்பம் மிச்சமாகியிருக்கும். (உண்டவுடன் மூச்சுத் திணறுபவர் மட்டும் இதற்கு விலக்கு. அவர் உடனே நிறுத்த வேண்டும்.)

ஒவ்வாமைக்கான பரிசோதனை முற்றிலும் வேறு. 1921இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் இரு மருத்துவர்கள் செய்த சோதனையைச் சொல்லாமல் விட மனமில்லை. ஹைன்ஸ் கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய இரத்தத்தின் சீரத்தைச் சிறிது எடுத்துத் தம் வயிற்றுத் தோலில் செலுத்திக்கொண்டார் கார்ல் பிராஸ்னிட்ஸ். மறுநாள் அதே இடத்தில் மீனின் சாற்றைச் செலுத்தியதும், மீனால் எத்தொல்லையும் இல்லாத அவருக்கு அங்கே தடிப்பு எழுந்தது! ஒவ்வாமையைச் சுமப்பது இரத்தத்திலுள்ள ஏதோ ஒரு பொருள் என்று தெரிந்தது. அப்பொருளை 1966இல் அமெரிக்காவில் பிரித்தறிந்தவர்கள் ஜப்பானியத் தம்பதியரான கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும். அடுத்த ஆண்டே சுவீடன் நாட்டு விஞ்ஞானிகளும் அதனைத் தனியே கண்டனர். 1968இல் அதற்கு ஐ.ஜி.ஈ. என்று பெயரிடப்பட்டது.

இன்று முன்கைத் தோலில் உணவுச் சாற்றை ஒரு சொட்டு வைத்து, மேலாகக் குத்தி, கால் மணி நேரம் பொறுத்துத் தடிப்பை அளக்கிறார்கள். அருகில் வெறும் உப்பு நீர் இட்ட இடத்தைவிட 3 மில்லிமீட்டர் பெரிதாயிருந்தால் ‘உண்டு’ என்று குறிப்பர். சளிக்குச் சாப்பிடும் அலர்ஜி மாத்திரையைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தியிராவிட்டால் தடிப்பே எழாமல் ஏமாற்றிவிடும். இரத்தத்திலும் ஐ.ஜி.ஈ.யை அளக்கலாம். ஆனால் தடிப்பு எழுந்தால் மட்டும் நோய் என்று ஆகிவிடாது. அவ்வுணவைச் சுகமாக உண்பவர்க்கும் தடிப்பு எழுவதுண்டு. உண்டபோது என்ன நேர்ந்தது என்பதோடு சேர்த்துப் பார்த்தே மருத்துவர் சொல்வார். ஐயம் தீராவிட்டால், மருத்துவமனையில், அட்ரினலின் ஊசியை அருகில் வைத்துக்கொண்டு, அவ்வுணவைச் சிறிது சிறிதாக உண்ணக் கொடுத்துப் பார்ப்பதே முடிவான சோதனை.

எங்களுள் ஒருத்தியின் அத்தை, விளம்பரத்தை நம்பிப் பெரும் பணம் கட்டி ஒரு பரிசோதனை செய்துகொண்டார். அரிசி, பால், துவரம்பருப்பு, முட்டை என்று விலக்க வேண்டியவற்றுக்கு ஒரு நீண்ட பட்டியல் வந்தது. பாவம், அவர் இரண்டு மாதத்தில் மெலிந்து போனார். அது ஐ.ஜி.ஜி. என்னும் வேறோர் எதிர்ப்பொருளை அளக்கும் சோதனை. நாம் ஓர் உணவை உண்டு பழகியிருக்கிறோம் என்பதையே அது பெரும்பாலும் காட்டும். தினமும் உண்பவைதாமே பட்டியலில் முதலில் வரும்! இதனைக் கொண்டு ஒவ்வாமையை நிர்ணயிக்கலாகாது என்று ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் கூறிவிட்டன. மூன்றாவதாகச் சொன்ன ஒவ்வாத்தன்மைக்கோ இரத்தப் பரிசோதனையே கிடையாது. முதலிரண்டும் இல்லை என்று உறுதி செய்த பின், கோதுமையை நிறுத்தியும் மீண்டும் கொடுத்தும் பார்த்தே அறிய வேண்டும்.

சீலியாக் நோய்க்குக் குளூட்டனை வாழ்நாள் முழுதும் விலக்குவதே வைத்தியம். நம் ஊரில் இட்லி, தோசை, சோறு இருக்க இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தோம். சமையலறைக்குள் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ரவை, மைதா, சேமியா, பிஸ்கட் எல்லாம் கோதுமையே என்பது எளிது. மால்ட் பானத்தில் பார்லி இருக்கும். கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கிறது! சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. சப்பாத்தி போட்ட கல்லிலேயே தோசை ஊற்றுகிறோம். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு கேழ்வரகைக் கொட்டுகிறார்கள். குளூட்டன் இல்லாதது என்று விற்கும் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம்; அந்த அளவோடு ஒப்பிட்டால் மில்லில் ஒட்டிய மாவு மலைபோல. இப்போது எங்கள் சமையல் அக்கா தனிக் கல்லும் தனிக் கரண்டியும் வைத்து, பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார். கேழ்வரகு விடுதியிலேயே மிக்சியில் அரைபடுகிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும. சில மாதங்களாக அவள் திருப்பலியில் நற்கருணை வாங்க எழுந்து போகவில்லை. ஏனென்று எங்களுக்குள் தவறாகக் கிசுகிசுத்தோம். நற்கருணை அப்பம் கோதுமை மாவால் ஆனது; அதற்குத்தான் அவள் அஞ்சினாள். முற்றிலும் குளூட்டன் இல்லாத அப்பம் திருச்சபையில் செல்லாது. மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பம் செல்லும் என்று 2003ஆம் ஆண்டு உரோமையிலிருந்து வந்த மடலும், 2017ஆம் ஆண்டு மடலும் தெளிவாக்கியுள்ளன. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கிளைடு என்னுமிடத்திலுள்ள பெனடிக்டின் சகோதரிகள், பலமுறை முயன்று, பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குளூட்டன் உள்ள அப்பத்தைச் செய்திருக்கிறார்கள். அப்பமே வேண்டாம் என்போர் திராட்சை இரசத்தை மட்டும் அருந்தலாம். ஆனால் குருவானவரின் கிண்ணத்தில் அப்பத் துண்டு ஒன்று இடப்படுவதால் வேறு கிண்ணம் வேண்டும். எங்கள் ஆன்ம குருவிடம் சிஸ்டர் இதனைச் சொன்ன அடுத்த ஞாயிறே பீடத்தில் ஒரு சிறு கிண்ணம் கூடுதலாக இருந்தது.

சென்ற மாதம் அவளுடைய ஹீமோகுளோபின் 11.6. மாடிப்படியில் இப்போது நாங்கள்தாம் அவளைத் தொடர்ந்து ஓடுகிறோம். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் பத்தில் ஒருவர் அளவுக்கு மற்றவர்க்கும் இருக்கக்கூடும் என்பதால், எட்டாம் வகுப்பு படிக்கும் அவளுடைய தம்பிக்கும் இரத்தம் எடுத்திருக்கிறார்கள். இம்மலர் அச்சுக்குப் போகும் வரை முடிவு வரவில்லை. அதுவரை அவன் ஒரு நாளும் சப்பாத்தியை விடக்கூடாது என்று அக்காளின் கண்டிப்பான உத்தரவு.