கழுவெளி பறவைகள் சரணாலயம்

சரணாலயம் என்றதும் மலையையும் அடர்காட்டையும் தேடி வந்தவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மலைக்குச் செஞ்சிப் பக்கம் போக வேண்டும். இங்கே இருப்பது சேறும் நீரும்.

வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151.6 ஹெக்டேர் பரப்பில் விரியும் இந்த உவர்நீர் ஏரி, 2021 டிசம்பரில் தமிழ்நாட்டின் 16-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று இதைச் சொல்வதுண்டு.

வடகிழக்குப் பருவமழையில் சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து சேர்கிறது. மறுபக்கம், ஓடை வழியே கடல்நீர் ஏறுகிறது. இரண்டும் கலக்கும் இந்த ஆழமில்லாத நீரில் புழு, நத்தை, இறால், மீன் எல்லாம் பெருகும். மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகள் இங்கே இறங்குவது இதற்காகத்தான். பூநாரை தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரைச் சலித்துச் சிற்றுயிர்களை உண்ணும். கருவால் மூக்கன் நீண்ட அலகைச் சேற்றுக்குள் செருகித் துழாவும். கூழைக்கடாவுக்கு மீன் போதும். ஒரே ஏரியில் அவரவருக்கு ஒரு பந்தி, சண்டை குறைவு.

மழைக்காலம் முடியும் தறுவாயில், அதிகாலையில் வாருங்கள். நெடுந்தொலைவு பறந்து வந்தவை இந்த வலசைப் பறவைகள். திரும்பிப் போகும் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை இங்கேதான் சேர்க்கின்றன. ஒரு படத்துக்காகக் கூட்டத்தைக் கலைத்துப் பறக்கவிடாதீர்கள்.