ஒரு தேதி, பல ஜாதகம் – 6: பத்து நாள் வித்தியாசம்

சென்ற வாரம் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலைச் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே விட்டு வந்தோம். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணிக்கு அது பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்தியதையும், அன்று காலையே வடகடலில் ஒரேயொரு ஜெர்மானிய நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை அடுத்தடுத்து மூழ்கடித்ததையும் மறுபடி சொல்லப் பக்கம் போதாது, படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் அதே தேதியில் பிறந்த பெரியோர்களின் வரிசை என்று அறிவித்து, மைக்கேல் பாரடே (1791), வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் (1869), அசோகமித்திரன் (1931) என்று பெயர்களும் சொல்லியிருந்தேன். வரிசை தயார்தான், ஆனால் அச்சுக்கூடத்தார் அவசரப்படுத்தும் வேளை பார்த்து ஒரு பழைய கணக்கு கைக்கு அகப்பட்டு, மற்றவற்றையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. அந்தக் கணக்குக்கு வருமுன் மதுரைக்குள் ஒரு தரம் போய்வர வேண்டும்.

ஆரப்பாளையத்தில் குடியிருக்கிற ஒருவன் செப்டம்பர் 22ஐப் பற்றி எழுதப் புகுந்து, இங்கிருந்து கால்நடையாகவே போய்விடக்கூடிய மேலமாசி வீதியைத் தொடாமல் விட்டால் ஊரார் மன்னிக்கமாட்டார்கள். 1921ஆம் வருஷம் அந்தத் தேதியில், அவ்வீதியின் 251ஆம் எண் வீட்டு மாடியில் தங்கியிருந்த காந்தியடிகள், குல்லாயையும் மேற்சட்டையையும் நீண்ட வேட்டியையும் களைந்து, முழங்காலளவான ஒற்றைத் துணிக்கு இறங்கிவந்தார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடமான விஷயம். மதுரைக்கு வந்த ரயில் பிரயாணத்தில், பெட்டி நிறைய அந்நியத் துணி உடுத்திய ஜனங்களைக் கண்டு, கதர் உடுத்தலாகாதா என்று அவர் விசாரித்ததும், கதர் வாங்க எங்களுக்கு வசதி ஏது என்று அவர்கள் தலையை அசைத்துவிட்டதும், குல்லாயும் சட்டையும் முழு வேட்டியுமாக இருந்துகொண்டு அந்த ஏழைகளுக்குத் தாம் என்ன சமாதானம் சொல்வது என்ற சங்கடம் அவரை வாட்டியதும், பின்னாளில் அவரே விவரித்தவை. ராஜாஜி உள்ளிட்ட சகாக்களுக்கு இந்த மாற்றம் உவப்பாயில்லை. மறுப்புக்கெல்லாம் அசைந்துகொடுக்கிற பேர்வழியா அவர்!

இதுவரை எல்லோரும் அறிந்த கதை. அன்றைய அவருடைய அறிக்கையில் உள்ள ஒரு நிபந்தனையைத்தான் மேடைப் பிரசங்கிகள் ஒருவர் விடாமல் விழுங்கிவிடுகிறார்கள். குல்லாயையும் சட்டையையும் என்றென்றைக்குமாகத் துறப்பதாக அவர் அதில் சொல்லவில்லை. குறைந்தபட்சம் அக்டோபர் 31ஆம் தேதி வரையில் துறக்க உத்தேசம் என்றுதான் சொல்கிறார். செப்டம்பர் 22 தொடங்கி எண்ணினால் 40 நாள். சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்கிற நம் ஊர்க்காரர் கணக்கில் ஒரு மண்டலம்கூட நிறையவில்லை. அதோடு, உடம்புக்கு அவசியப்பட்டால் மேலே ஒரு போர்வை உண்டு என்கிறார். தம்மைப் பார்த்து சகாக்கள் இப்படி உடுத்த வேண்டுமென்று தாம் எதிர்பார்க்கவில்லை என்கிறார். வெறும் தலையும் வெற்றுடம்பும் தம் பிரதேசத்தில் துக்கத்தின் அடையாளம், ஆண்டு முடியப்போகிறது, சுயராஜ்யம் இன்னும் வந்தபாடில்லை, ஆகவே இது துக்கம் காப்பதுமாகும் என்கிறார்.

மகாத்மாக்களின் சங்கல்பம் ஒரே இரவில் மலைபோல் எழுந்து நின்றுவிட்டதாகச் சித்திரிக்கும் பழக்கம் நமக்கு உண்டாகிவிட்டது. வாழ்க்கை முழுவதையும் பரிசோதனையாக நடத்திய இந்த மனிதரோ தவணை குறித்துக்கொண்டு தொடங்குகிறார். தவணை வருகிறது, போகிறது. துணி மாத்திரம் மாறவில்லை. 1948 ஜனவரி 30 வரையில், 26 வருஷமும் 4 மாதமும் சில நாளும் அந்த 40 நாள் நீண்டுகொண்டே போயிற்று. என்னுடைய அபிப்பிராயத்தில், என்றென்றைக்கும் என்று சபதம் செய்திருந்தால் இது இவ்வளவு பெரிய காரியமாகியிராது. கடைசி நாளில் அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இன்று தமுக்கம் அரண்மனையில், காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள் இருக்கிறது.

இந்த இடத்தில் எங்கள் பேட்டைக்காரர் ஒருவருடைய ஆட்சேபத்தையும் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. ஹார்வி துரைமார் தொடங்கிய மதுரை ஆலையை நம்பி மூன்று தலைமுறை பிழைத்த பகுதி இது. சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சோறு உண்டு, ஊதினால் உறங்கப்போன வீதிகள். தேனிக்கும் கொடைக்கானலுக்கும் பஸ் புறப்படுகிற நிலையத்துக்கு எதிரே, இரும்பு ஸ்டூலில் காலை மடக்கி வைத்துக்கொண்டு தேநீர் அருந்தும் அந்த முதியவர், ஆலையில் ரிங் பிரேம் ஓட்டி ஓய்வுபெற்றவர். கதரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றதும் டம்ளரைக் கீழே வைத்தார். “காந்தியும் நூத்தாரு, நாங்களும் நூத்தோம் தம்பி. எங்க மில்லுல பெரும்பாலும் நூலுதான். துணி நாங்க எங்க நெய்ஞ்சோம்? அவரு கோவிச்சுக்கிட்டாருன்னா நெய்ஞ்சவனைத்தான் கோவிச்சுக்கிடணும்” என்றார். சொல்லிவிட்டு வைகையின் அக்கரைப் பக்கம், செல்லூர்த் தறிக்காரர்களின் திசையில், கையை நீட்டினார். செல்லூரார் கைத்தறிக்காரர், அவர்மேல் காந்திக்குக் கோபம் வர நியாயமில்லை என்று விளக்க முயன்றேன்; அதற்குள் இரண்டாவது தேநீர் வந்துவிட்டது.

யந்திரத்தைப் பற்றிய இதே விவகாரம், பத்து வருஷம் கழித்து, அதே செப்டம்பர் 22இல், 1931இல், லண்டன் மாநகரின் கிழக்குக்கோடியில் ஒரு டாக்டர் வீட்டில் எழுந்தது. வட்டமேஜை மகாநாட்டுக்குப் போயிருந்த காந்தியை அங்கே சந்திக்க வந்தவர் சார்லி சாப்ளின். சினிமாவையே அறியாத காந்திக்கு இன்னார் என்று முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டியிருந்தது. டாக்டர் கத்தியால் என்ற இந்தியரின் சிறிய வீடு, வெளியே நெரிசல். மதுரையில் 40 நாள் தவணையில் உடுத்திய துணியோடு ஒருவர், உலகமெல்லாம் சிரிக்க வைத்த தொளதொள கால்சட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்த மற்றொருவர்; அருகருகே உட்கார்ந்திருக்கும் புகைப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். மனிதனின் உழைப்பைக் குறைக்கிற யந்திரத்தின்மேல் உங்களுக்கு ஏன் இத்தனை வெறுப்பு என்று சாப்ளின் வினவ, யந்திரம்தான் எங்களை இங்கிலாந்துக்கு அடிமையாக்கியது, அந்தச் சார்பிலிருந்து முதலில் விடுபட்டாக வேண்டும் என்ற கருத்தில் காந்தி விடையளித்தார். யந்திரத்தின் பற்சக்கரத்துக்குள் மனிதன் புகுந்து வெளிவருகிற ‘மாடர்ன் டைம்ஸ்’ 1936இல் வெளிவந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போடுவோர் உண்டு, நான் போடவில்லை. அன்றைய தினம் செகந்திராபாத்தில் பிறந்த ஒரு குழந்தை, பின்னாளில் ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷம் உத்தியோகம் பார்த்து, அசோகமித்திரன் என்ற பெயரில் சினிமாக்காரர்களின் துக்கத்தைத் தமிழில் எழுதிற்று என்பதை மாத்திரம் குறித்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

இனி அந்தக் கணக்கு. சாப்ளின் தம் சுயசரிதையில் அந்த எளிய வீடு எங்கே இருந்தது என்று சொல்லும்போது, ஈஸ்ட் இந்தியா டாக் ரோடு என்ற சாலையை அடையாளம் காட்டுகிறார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குக் கப்பல்கள் வந்து தங்கிய துறையின் பெயரால் வழங்கும் சாலை அது. அவ்வளவோடு நின்றிருந்தால் ரசமான தற்செயல் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்தக் கம்பெனியின் பூர்வோத்தரத்தைத் தேடிப் போனால், கீழ்த்திசைக்குக் கப்பலனுப்பப் பணம் போடச் சம்மதித்து லண்டன் வியாபாரிகள் தத்தம் கையாலேயே பெயரும் தொகையும் எழுதிக் கொடுத்த பட்டியல் கிடைக்கிறது. மொத்தம் 30,133 பவுனும் சில்லறையும். தேதி 1599 செப்டம்பர் 22! அடுத்த வருஷம் டிசம்பர் 31இல் எலிசபெத் ராணி சாசனம் கொடுத்தார். பிறகு நடந்ததை நம் பாட்டன்மார் அனுபவித்தார்கள்.

இங்கேதான் பஞ்சாங்கம் தெரிந்த வாசகர் ஒருவர் கை தூக்குவார். 1599இல் இங்கிலாந்து அனுசரித்தது ஜூலியஸ் சீசர் காலத்துப் பழைய கணக்கு. அது சூரியனோடு ஒத்துப்போகாமல் பின்தங்கிவிட்டதென்று பதின்மூன்றாம் கிரிகரி போப்பாண்டவர் 1582இல் திருத்தம் செய்து, அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாளை அக்டோபர் 15 என்று ஆக்கிவிட்டார். கத்தோலிக்க ராஜ்யங்கள் ஏற்றுக்கொண்டன. ரோமாபுரி சொன்னதைச் சூரியனே சொன்னாலும் கேட்கக் கூடாதென்ற பிடிவாதத்தில் இருந்த ஆங்கிலேயர், 1752 வரையில் இழுத்தடித்துப் பிறகுதான் இணங்கினார்கள். அவ்வருஷம் அங்கே செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று. ஆகவே 1599இல் லண்டன் வியாபாரி செப்டம்பர் 22 என்று எழுதிக் கையெழுத்திட்ட அதே நாளில், கோவாவில் இருந்த போர்த்துக்கீசியர் கணக்கில் தேதி வேறு. வித்தியாசம் பத்து நாள். கூட்டிப் பாருங்கள்: செப்டம்பருக்கு 30 நாள், 22ஓடு பத்து சேர்த்தால் அக்டோபர் 2!

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முதல் பணம் எழுதிய தினம், பழைய கணக்கில் காந்தி மதுரையில் சட்டையைக் கழற்றிய தேதி. புதிய கணக்கில் காந்தி பிறந்த தேதி. இதைக் கண்டதும் எனக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை என்றால் வீட்டார் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் தேநீர்க்கடைப் பெரியவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் சாவதானமாகக் கேட்டுவிட்டு, “வருஷத்துக்கு 365 நாளுதான இருக்கு தம்பி, எதுலயாச்சும் வந்துதான ஆகணும்?” என்றார். மறுக்க முடியாத வாதம். இந்தத் தொடர் முழுவதற்குமே அது எதிர்வாதம் என்பதால், அதைப் பற்றி மேற்கொண்டு பிரஸ்தாபிக்காமல் விடுகிறேன்.

பத்து நாள் என்ற இந்தக் கணக்கு இன்னும் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. 1869 செப்டம்பர் 22இல் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார், அவ்வருஷம் அக்டோபர் 2இல் போர்பந்தரில் பிறந்த காந்திக்குச் சரியாகப் பத்து நாள் மூத்தவர். கோகலே என்ற ஒரே ஆசானை இருவரும் போற்றினார்கள். ஒத்துழையாமை விஷயத்தில் இருவரும் எதிரெதிராக நின்றார்கள். கடிதத்திலோ ஒருவரையொருவர் சகோதரர் என்றே பாவித்தார்கள். காந்தி மதுரையில் உடையைக் குறைத்த அந்த 1921இலேயே சாஸ்திரியார் லண்டனில் சாம்ராஜ்ய மகாநாட்டுக்கும், ஜினீவாவில் சர்வதேச சங்கத்துக்கும், வாஷிங்டனில் கடற்படை மகாநாட்டுக்கும் தலைப்பாகையோடு இந்தியப் பிரதிநிதியாகப் போய், அங்கேயிருந்தவர்களைத் தம் ஆங்கிலத்தால் பிரமிக்க வைத்துக்கொண்டிருந்தார். இவரை ஒரு பாராவில் அடைப்பது அநியாயம். இரும்புப் பட்டறைக்காரர் மகனாகப் பிறந்து, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றுக்கொண்டு மின்சாரத்தை வசப்படுத்திய பாரடேக்கும் இந்த வாரம் இடமில்லாமல் போயிற்று.

அடுத்த வாரம் சாஸ்திரியார்தாம்; அவர் வரும்போது வேறு எவரையும் உள்ளே விடுவதாக இல்லை. அதற்குள் மதுரைக்கு வருகிறவர்கள் மேலமாசி வீதி வீட்டு மாடியை ஒரு தரம் ஏறிப் பாருங்கள். கீழே கதர்க்கடை இருக்கிறது, வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். செப்டம்பர் 22இல் பிறந்த வாசகர்கள் எவரேனும் இருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் நட்சத்திரத்தையும் கேட்டுத் தபாலில் எழுதி அனுப்புங்கள். நம்மவர் பிறந்தநாளை நட்சத்திரத்தால் எண்ணியதற்கும் இந்தத் தொடரில் ஒரு வாரம் ஒதுக்கியாக வேண்டும்.