வீட்டு மழைமானியும் நிலைய அளவீடும் – வேறுபாடு ஏன்?

புவியியல் வினாத்தாளில் மழைவீழ்ச்சித் தரவுகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. மாணவர் பலர் தரவைக் கூட்டிச் சராசரி காண்பர். ஆனால் அத்தரவு எவ்வாறு பெறப்பட்டது என்று கேட்டால் தடுமாறுவர். வீட்டில் ஒரு மழைமானி வைத்து, அதன் அளவை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அளவுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் இப்பகுதி தெளிவாக விளங்கும்.

1. மழைவீழ்ச்சி என்பது யாது?

பெய்த நீர் வழிந்தோடாமலும் ஆவியாகாமலும் நிலத்தில் தேங்கி நின்றால் அதன் ஆழம் எவ்வளவோ அதுவே மழைவீழ்ச்சி ஆகும். இது மில்லிமீற்றரில் தரப்படும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் கிடைக்கும் நீர் 1 லீற்றர் ஆகும்.

2. முதல் தவறு: புனலும் போத்தலும்

போத்தலின் மேல் அகன்ற புனல் வைத்தால், போத்தலில் உள்ள நீரின் உயரம் மழைவீழ்ச்சி ஆகாது. பரப்புகளின் விகிதத்தால் அதைத் திருத்த வேண்டும்.

உதாரணம்: புனலின் விட்டம் 12 ச.மீ., போத்தலின் விட்டம் 8 ச.மீ., நீரின் உயரம் 45 மி.மீ. எனின்,
மழைவீழ்ச்சி = 45 × (8 × 8) ÷ (12 × 12) = 20 மி.மீ.

3. இரண்டாவது தவறு: நேரம்

இலங்கையில் நாளாந்த மழைவீழ்ச்சி காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. அது முந்திய 24 மணித்தியாலத்தில் பெய்த மழையாகும். பயிற்சிக்காக அமைக்கப்பட்ட பின்வரும் தரவை நோக்குக. மழை பெய்தது மூன்று பிற்பகல்களில் மட்டுமே.

வீடு (மாலை 6 மணி): செவ்வாய் 38, புதன் 12, வியாழன் 0, வெள்ளி 26, சனி 0. மொத்தம் 76 மி.மீ.
நிலையம் (காலை 8.30 மணி): செவ்வாய் 0, புதன் 42, வியாழன் 13, வெள்ளி 0, சனி 29. மொத்தம் 84 மி.மீ.

நாளுக்கு நாள் ஒப்பிட்டால் இரண்டும் முற்றிலும் முரண்படுவது போலத் தோன்றும். ஆனால் செவ்வாய் பிற்பகல் பெய்த மழை நிலையத்தில் புதன் காலையிலேயே பதிவாகிறது. ஒரு நாள் நகர்த்திப் பார்த்தால் 38க்கு 42, 12க்கு 13, 26க்கு 29 எனப் பொருந்துகின்றன. எனவே வீட்டிலும் காலை 8.30க்கே அளத்தல் வேண்டும்.

4. எஞ்சிய வேறுபாடு

இத்தரவில் வீட்டு அளவு மொத்தத்தில் 8 மி.மீ. குறைவு. அதாவது 8 ÷ 84 × 100 = ஏறத்தாழ 9.5 வீதம். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைவதால் இது ஒழுங்கான வழு எனலாம். இதற்கான காரணங்கள்:

அ) மரம், கூரை என்பன மழையை மறைத்தல். தடையின் உயரத்தின் இரு மடங்கு தூரத்திலாவது மானி இருத்தல் வேண்டும். 10 மீற்றர் உயரமான பலா மரமெனின் 20 மீற்றர்.
ஆ) காற்று மழைத்துளிகளை மானியின் வாய்க்கு அப்பால் தள்ளுதல்.
இ) சேர்ந்த நீர் ஆவியாதல், புனலின் சுவரில் ஒட்டி நிற்றல்.
ஈ) கவிழும் வாளி வகைத் தன்னியக்க மானியாயின், கடும் மழையில் வாளி கவிழும் இடைவேளையில் நீர் தவறுதல்.

மாறாக, வேறுபாடு ஒரு நாள் கூடியும் ஒரு நாள் குறைந்தும் காணப்பட்டால் மானியைக் குறை கூற முடியாது. மேற்காவுகை மழை சில கிலோமீற்றருக்குள் பெரிதும் மாறுபடும். ஓர் ஊரில் கொட்டும்போது அயலூரில் வெயில் அடிப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

5. இதனால் என்ன பயன்?

மலைநாட்டு மாணவர்கள் இதை விசேடமாகக் கவனிக்க வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள பகுதிகளுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் வழங்கும் வழிகாட்டலின்படி, 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. மழை விழிப்புக்கும், 100 மி.மீ. வெளியேறத் தயாராவதற்கும், 150 மி.மீ. பாதுகாப்பான இடத்துக்குச் செல்வதற்கும் உரிய எல்லைகளாகும். மேலே கண்ட மானி உண்மையான 75 மி.மீ. மழையை 68 மி.மீ. என்றே காட்டும். 150 மி.மீ. பெய்தபின்னும் அது ஏறத்தாழ 136 தான் காட்டும். அதை நம்பிக் காத்திருக்கும் குடும்பம் பிந்திவிடும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது மலைநாட்டில் ஏற்பட்ட மண்சரிவுகள் இதன் பாரதூரத்தை உணர்த்தின. நிலத்தில் வெடிப்பு தோன்றினாலோ, ஊற்று நீர் திடீரெனக் கலங்கினாலோ மானியைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே வெளியேற வேண்டும்.

நினைவிற் கொள்க: முதலில் அலகு, அடுத்து நேரம், பின்னர் இடம். இம்மூன்றும் ஒத்திருந்தால் மட்டுமே இரு அளவீடுகளை ஒப்பிடலாம்.

பயிற்சி: புனல் விட்டம் 10 ச.மீ., போத்தல் விட்டம் 5 ச.மீ., நீரின் உயரம் 120 மி.மீ. எனின் மழைவீழ்ச்சி யாது? (விடை: 30 மி.மீ.)