முதலாண்டு மாணவரின் இலக்கு

கல்லூரியில் முதலாண்டு பயிலும் ஒருவரிடம் 'என்ன பணிக்குச் செல்ல விரும்புகிறாய்?' என வினவினால், பெரும்பாலும் தாம் கண்ணால் கண்ட பணி ஒன்றையே விடையாகக் கூறுவார். ஆசிரியர், செவிலியர், காவலர், வங்கி அலுவலர் என்னும் விடைகள் மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவே காரணம். அறியாத தொழிலை எவரும் விரும்ப இயலாது. ஒருவரது மனப்பான்மை, அவர் வாழும் இடத்திலிருந்தே உருவாகத் தொடங்குகிறது.

இடுக்கி மாவட்டத்துப் பள்ளிவாசலை எடுத்துக்கொள்வோம். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய ஊர் இது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அங்குத் தலைமுறை தலைமுறையாகப் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் 'லயம்' எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்கின்றன. தொழிலாளர்க்கு வீடு வழங்குவது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால் அவ்வீடு வேலையோடு பிணைந்தது. பெற்றோர் பணி ஓய்வு பெறும்போது, குடும்பத்தில் வேறு எவரும் தோட்டப் பணியில் இல்லையெனில் வீட்டைக் காலி செய்ய நேரிடும்.

ஆகவே, லயத்திலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவியின் முன் இரண்டு வினாக்கள் நிற்கின்றன. 'எனக்கு எத்துறையில் விருப்பம்?' என்பது ஒன்று. 'அம்மா ஓய்வு பெற இன்னும் எத்தனை ஆண்டுகள் உள்ளன?' என்பது மற்றொன்று. இரண்டாம் வினா முதல் வினாவைப் பேசவிடுவதில்லை. 'எந்த வேலையானாலும் சரி, விரைவில் கிடைக்க வேண்டும்' என்று அவள் கூறுவதைக் கேட்போர், அவளுக்குக் குறிக்கோள் இல்லை என்று எளிதில் முடிவு கட்டிவிடுகின்றனர். அவள் கூறுவது ஒரு கணக்கு. அதுவும் சரியான கணக்கு.

கேரளத்தில் 2024-ஆம் ஆண்டு முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடைமுறையில் உள்ளது. மூன்றாண்டுகளை முடித்துப் பட்டத்துடன் வெளியேறலாம். நான்காம் ஆண்டையும் பயின்று சிறப்புப் பட்டமும் பெறலாம். ஊதியம் வரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் வீட்டில் அந்த ஓராண்டு பெரிது. மேலும், மாணவர் பலர் ஒதுக்கீட்டில் கிடைத்த பாடத்தையே பயில்கின்றனர். விரும்பிய பாடம் கிடைக்காதவர் முதலாண்டிலேயே சோர்ந்துவிடுவதும் உண்டு.

இப்பகுதி மாணவரிடம் காணப்படும் மற்றொரு மனப்பான்மை, தமிழ்வழியில் பயின்றதைத் தடையாகக் கருதுவது. உண்மை நிலை வேறு. மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளுக்காக, தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர், தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் முதலிய பணியிடங்களைக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் தனியே அறிவிக்கிறது. மூணாறு அரசுக் கல்லூரியிலும், பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூர் அரசுக் கல்லூரியிலும் தமிழைப் பட்டப் படிப்பாகவே பயிலலாம். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி வளர்ந்த ஒருவர், பிறர் முயன்று பெற வேண்டிய தகுதியை முன்னரே பெற்றிருக்கிறார். வியப்பு என்னவெனில், இதனை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை! மின் நிலையத்தை நாள்தோறும் கடந்து செல்லும் மாணவருள் பலர் அங்குப் பொறியாளர் மட்டுமே பணிபுரிவதாக எண்ணுகின்றனர். மின்வாரியத்தில் கலை, வணிகவியல் பட்டதாரிகளுக்குரிய அலுவலகப் பணிகளும் உள்ளன.

அரசுத் தேர்வுகளுள் சில, பட்டம் பெறும்வரை காத்திராமல் எழுதக்கூடியவை. அறிவிப்பு வெளிவந்த நாளுக்கும் பணி ஆணை கைக்கு வரும் நாளுக்கும் இடையே ஓரிரு ஆண்டுகள் கழிவதுண்டு. பட்டம் பெற்ற பின்னர் விண்ணப்பிக்கத் தொடங்குபவர் அவ்வாண்டுகளை வீட்டிலிருந்தே கழிக்க நேரும். முதலாண்டிலேயே தொடங்கியவருக்கோ அவை கல்லூரி வகுப்பறையிலேயே கழிந்துவிடும். அதற்குள் அம்மாவும் ஓய்வு பெற்றிருக்கமாட்டார்.