தீர்ந்துபோகாத கேஸ்

சித்திரை வெயில் போடிநாயக்கனூரில் ஏறத் தொடங்கியதும் ஏசி மெக்கானிக்குகளின் கைப்பேசி ஓய்வதில்லை. கூலிங் இல்லை, கேஸ் தீர்ந்துபோச்சு போல என்பதுதான் வழக்கமான புகார். அந்தத் ‘தீர்ந்துபோச்சு’ என்ற சொல்லிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. சமையல் சிலிண்டரில் இருப்பது எரிந்து தீரும். ஏசியில் இருப்பது எரிவதில்லை, சுற்றி வருகிறது. இண்டோர் யூனிட்டின் காயிலில் ஆவியாகி அறையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். கம்ப்ரசரில் அழுந்தி, அவுட்டோர் யூனிட்டில் அந்தச் சூட்டை இறக்கிவிட்டுத் திரவமாகித் திரும்பும். மூடிய குழாய்க்குள் நடக்கும் இந்த ஓட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் தீர வழியே இல்லை. குறைந்திருந்தால், எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்கிற வேலை.

கசியும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். செப்புக் குழாயின் வாயை விரித்து நட்டு போட்டு முறுக்கிய இணைப்பு முதல் சந்தேகத்துக்குரியது. அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்து தூசி ஒட்டியிருந்தால், கேஸ் அவ்வழியே போகிறது. கம்ப்ரசர் எண்ணெயும் அதோடு சேர்ந்து வெளியேறியதன் தடம் அது. சோப்பு நுரையைத் தடவினால் குமிழி எழும்பிக் காட்டிக்கொடுக்கும். காயிலில் பனி கட்டுவதும் ஓர் அறிகுறி. ஆனால் ஃபில்டர் அழுக்கானாலும் பனி கட்டும் என்பதால் முதலில் அதைக் கழுவிப் பார்க்க வேண்டும். நல்ல மெக்கானிக் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பார், கசிவை அடைப்பார், வேக்கம் பம்பால் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார். அதன் பிறகு மெஷினின் ஸ்டிக்கரில் உள்ள எடையைத் தராசில் பார்த்து கேஸ் ஏற்றுவார்.

இதற்கெல்லாம் அரை நாள் ஆகும், கூலியும் கூடும், டாப்-அப் போதுமே என்பார்கள். மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது நியாயமான கவலைதான். ஆனால் கேஸ் குறைந்த ஏசி அதிக நேரம் ஓடி மின்கட்டணத்தை ஏற்றும். திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான் கம்ப்ரசரையும் குளிர வைக்கிறது. அது குறைந்தால் கம்ப்ரசர் சூடேறிக் கருகும். அதை மாற்றும் செலவின் முன் அரை நாள் கூலி சிறியது.

ஒரு வீட்டு ஏசியால் உலகம் கெட்டுவிடுமா என்ற கேள்விக்கு எண்ணிலேயே பதில் இருக்கிறது. பழைய மெஷின்களில் உள்ள ஆர்-22 ஒரு கிலோ கசிந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஏறக்குறைய 780 லிட்டர் பெட்ரோல் எரித்த கணக்கு! ஆர்-410ஏ அதைவிட மோசம். ஆர்-32-இன் பாதிப்பு ஆர்-410ஏ-வினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வெப்பம் கூடினால் முதலில் அடிபடுவது போடியின் தலைக்கு மேலேயே இருக்கிற ஏலத்தோட்டங்கள்தான். மர நிழலும் ஈரமும் இல்லாமல் ஏலச்செடி நிற்காது. 2024 கோடையில் இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்கள் காய்ந்ததை போடி ஏலச் சந்தை நன்றாக அறியும். அந்த வறட்சிக்கு நம் ஏசிதான் காரணம் என்று சொல்லவில்லை. மலையை நம்பி வாழும் ஊர் வீணாகக் காற்றில் விடக்கூடாத பொருள் இது என்பதே என் வாதம்.

ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி ஆர்-22 இந்தியாவில் 2030-க்குள் ஒழிய வேண்டும். அதன்பின் பழைய மெஷின்களின் பராமரிப்புக்கு மட்டும் 2040 வரை சிறு அளவு கிடைக்கும். அதற்காக பழைய ஏசியில் ஆர்-32 ஏற்றக் கேட்காதீர்கள். அதன் அழுத்தம் மிக அதிகம், அதற்கான எண்ணெயும் வேறு. ஆர்-290 என்பது புரொப்பேன், தீப்பற்றும். அதற்கென்று வடிவமைக்காத மெஷினில் அதை ஏற்றுவது ஆபத்து. காயில் அரித்துப்போன பழைய மெஷினை மாற்றிவிடுவதே சரி. மாற்றும்போது குழாயை அறுத்து கேஸைப் புஸ்ஸென்று வெளியே விட அனுமதிக்காதீர்கள். கம்ப்ரசர் ஓடும் நிலையில் இருந்தால், திரவக் குழாயின் வால்வை மூடிச் சில நிமிடம் ஓடவிட்டு, மற்ற வால்வையும் மூடி, கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே அடைக்கலாம். பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன் அதை மீட்பு சிலிண்டருக்கு மாற்றித் தரும் மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுங்கள்.